புத்தர் நாடகத்தில் பீடம் காலியாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வைகாசி பௌர்ணமி நெருங்கினால் பள்ளி விழாக்களிலும் கல்லூரி மன்றங்களிலும் பௌத்த சங்கக் கூட்டங்களிலும் புத்தரின் வாழ்க்கை நாடகமாகிறது. ஆர்வத்துக்கும் உழைப்புக்கும் குறைவில்லை. ஆனாலும் பெரும்பாலான நாடகங்கள் ஒரே இடத்தில் படுத்துவிடுகின்றன. அரண்மனை, முதியவர், நோயாளி, பிணம், நள்ளிரவுப் புறப்பாடு என்று போகும்வரை அரங்கம் கட்டுண்டு இருக்கும். அரசமரத்தடியில் ஞானம் வந்த சிறிது நேரத்தில் பின்வரிசையில் செல்போன் வெளிச்சம் தெரியும். மேடையில் ஆரஞ்சு சாட்டின் சுற்றிய ஒருவர் நடுவில் அமர்ந்து அறிவுரை சொல்லிக்கொண்டிருப்பார். மற்றவர்கள் கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இதற்கு நடிகரைக் குறை சொல்லிப் பயனில்லை, கதையிலேயே சிக்கல் இருக்கிறது. ஒரு பாத்திரம் மேடையில் உயிரோடு நடமாட அதற்கு ஏதாவது வேண்டியிருக்க வேண்டும், அது கிடைக்காமல் ஏதாவது தடுக்க வேண்டும். 29 வயதில் வீட்டை விட்டு, 35 வயதில் தேடியதை அடைந்தவருக்கு அதன்பின் வேண்டுவது எதுவுமில்லை. ஆனால் அவர் 80 வயதுவரை, 45 ஆண்டுகள் ஊர் ஊராக நடந்திருக்கிறார். அந்த 45 ஆண்டுகளில் போராட்டமெல்லாம் அவரைத் தேடி வந்தவர்களுக்குத்தான். ஆகவே எங்கள் யோசனை இது: மரத்தடி வரை சித்தார்த்தனை நடிகர் நடிக்கட்டும். ஞானம் வந்தபின் அந்த வேடமே வேண்டாம். ஒரு வெற்றுப் பீடம் போதும். பக்திக்காகவோ, யாராவது மனம் புண்படுவார்கள் என்ற பயத்திலோ இதைச் சொல்லவில்லை. நாடகம் நகர வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

இது புதுமையும் அல்ல. சாஞ்சியின் கிழக்கு வாயில் தோரணத்தில் புறப்பாட்டுக் காட்சி இருக்கிறது. ஒரே குதிரை அடுத்தடுத்துப் பலமுறை செதுக்கப்பட்டிருக்கும். முதுகில் ஆள் இல்லை, மேலே குடை மட்டும். கடைசியில் அந்தக் குடை இரண்டு பாதச் சுவடுகளுக்கு மேல் நிற்கிறது. குதிரை குடையில்லாமல் திரும்புகிறது. ‘அவர் போய்விட்டார்’ என்பதை ஒரு முகத்தைக்கூடக் காட்டாமல் சொல்லிவிட்டான் அந்தச் சிற்பி. அமராவதிச் சிற்பங்களில் வெற்று அரியணையையும் பாதங்களையும் பார்க்கச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் போதும். மேடை வடிவமைப்பவர் ஒருநாள் போய்வருவது, இணையத்தில் நூறு படம் தேடுவதைவிட மேல். நம் மணிமேகலையிலும் மணிபல்லவத்தில் இருப்பது புத்த பீடிகைதான். அந்தப் பீடிகையைக் கண்டுதான் மணிமேகலை தன் முற்பிறப்பை அறிகிறாள். பர்மாவின் மரபு மேடையிலும் புத்தர் வேடம் கட்டுவதில்லை; அவருடைய முற்பிறவிகளான ஜாதகக் கதைகளையே ஆடினார்கள். இலங்கையில் 1956-இல் மேடையேறி சிங்கள நாடகத்தின் போக்கையே மாற்றிய ‘மனமே’யும் ஜாதகக் கதைதான்.

எங்கள் யோசனைக்கு எதிரான சான்றையும் மறைக்க வேண்டாம். கிடைத்திருக்கும் சமஸ்கிருத நாடகங்களில் மிகப் பழையவை பௌத்தக் கவிஞர் அசுவகோஷருடையவை. மத்திய ஆசியாவில் துண்டு துண்டான ஓலைகளாகக் கிடைத்து, 1911-இல் ஜெர்மன் அறிஞர் ஹைன்ரிக் லூடர்ஸ் பதிப்பித்தவை. அவற்றில் புத்தர் மேடைக்கே வருகிறார். அந்த ஓலைகளில் உள்ள வேறொரு நாடகத் துண்டில் ஒளிவட்டத்தோடு வருகிறார். ஆனால் அசுவகோஷர் புத்தரின் சீடர் சாரிபுத்தரைப் பற்றி எழுதிய ஒன்பது அங்க நாடகத்தில் அலைபாயும் நாயகன் சாரிபுத்தர். கூடவே ஒரு விதூஷகனும் உண்டு. புத்தர் வந்து சேரும் இடம் முடிவு. யாரை நாயகனாக்குவது என்பதில் அவருக்குக் குழப்பமே இருந்திருக்காது.

எழுதத் தொடங்குமுன் எந்தப் புறப்பாடு என்று முடிவு செய்துவிடுங்கள். பிற்கால மரபுக் கதையில் மனைவியும் அன்று பிறந்த குழந்தையும் தூங்க, நள்ளிரவில் குதிரையேறிப் போகிறான். பழைய பாலி சுத்தங்களில் (புத்தரின் உரைகளில்) ஒன்றான அரியபரியேசன சுத்தத்தில் அவர் தாமே சொல்வது வேறு: தாயும் தந்தையும் கண்ணீர் வடித்து அழுதுகொண்டிருக்கத் தலையையும் தாடியையும் மழித்துக்கொண்டு வெளியேறினேன் என்கிறார். பௌத்த அறிஞர் தர்மானந்த கோசாம்பியும் அம்பேத்கரும் முன்வைப்பது மூன்றாவது: ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காகச் அவருடைய குலமான சாக்கியருக்கும் அண்டையிலிருந்த கோலியருக்கும் எழுந்த சண்டையே காரணம். 29 வயதுவரை ஒருவன் கிழவனையே பார்த்ததில்லை என்றால் நம்ப முடியுமா என்று கேட்டவர் அம்பேத்கர். மூன்றிலும் நல்ல நாடகம் இருக்கிறது. மூன்றையும் கலந்தால்தான் கெடும். சபையில் போரை எதிர்த்து, எல்லோர் முன்னும் நாட்டைவிட்டுப் போகச் சம்மதித்தவன், அடுத்த காட்சியில் ஏன் பூனைபோல அடியெடுத்து வைத்து வாயிலைத் தாண்ட வேண்டும்?

நள்ளிரவுப் புறப்பாட்டையே எடுத்துக்கொண்டால், ‘ஆள் இல்லை, ஆனால் இருக்கிறார்’ என்ற இலக்கணத்தைப் பார்வையாளருக்குப் பழக்க வேண்டிய இடம் அதுதான். சித்தார்த்தன் குதிரையருகே வந்ததும் விளக்கு தணியட்டும். மீண்டும் ஏறும்போது குதிரை நடந்துகொண்டிருக்க வேண்டும். மேலே வெண்குடை, முதுகில் யாரும் இல்லை. குதிரைக்கு முழு உடல் தேவையில்லை. மூங்கில் பிளாச்சில் கட்டிய தலை, கழுத்து, கடிவாளம், ஒரு சேணத் துணி. இரண்டு பேர் தாங்கினால் போதும். பொய்க்கால் குதிரையைக் கொண்டுவராதீர்கள். அதில் ஆடுபவரே சவாரி செய்பவர், ஆள் இல்லாத குதிரையாக அது ஆக முடியாது. தவிர, அதன் தாளம் காதில் விழுந்ததுமே கூட்டம் திருவிழாவுக்குத் தயாராகிவிடும்.

குடை எத்தனை உயரம் என்பதில்தான் கோளாறு வரும். குதிரையின் முதுகு நாலரை அடி, மேலே அமர்ந்திருப்பவரின் தலை ஏழரை அடி. குடையின் விளிம்பு தரையிலிருந்து 8 அடிக்குக் கீழே இறங்கினால், குடை குதிரைக்குப் பிடித்ததாகிவிடும். இல்லாத ஆளின் இடம் காணாமல் போகும். குடையின் உச்சி 9 அடியைத் தொடும். பள்ளி மேடைகளில் மேல் ஜாலர் சில இடங்களில் அதற்கும் கீழே தொங்கும், குடை அதில் மாட்டிக்கொள்ளும். ஒத்திகை நாளில் ஜாலர் கட்டியிருக்க மாட்டார்கள் என்பதால் இது நாடகத்தன்றுதான் தெரியவரும். முன்கூட்டியே அளந்துவிடுங்கள். கோயில் குடை வேண்டாம். ஜரிகையும் குஞ்சமும் கனம். 3 அடி விட்டத்தில் மூங்கிலும் வெள்ளைக் காடாத்துணியும் போதும். கம்பின் அடியை, ஊர்வலத்தில் கொடி பிடிப்பவர்கள் இடுப்பில் கட்டும் தோல் குழியில் ஊன்றினால் கை நடுங்காது.

ஒலிக்குக் கொட்டாங்குச்சிதான். குதிரை பாய்ந்தோடும் எம்பி3-ஐ ஓடவிடுவது இந்தக் காட்சியில் செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு. ஊர் விழித்துக்கொள்ளாமல் இருக்கக் குளம்புகளைத் தேவர்கள் கையில் ஏந்திக்கொண்டார்கள் என்பது மரபு. ஆகவே முற்றத்தில் மரப்பலகை மேல் தெளிவாகத் தட்டுங்கள். வாயிலை நெருங்க நெருங்க, நாலாக மடித்த கம்பளியின் மேல் தட்டுங்கள். வாயிலில் கைகள் அசைய வேண்டும், சத்தம் வரக் கூடாது. அரங்கம் தானாகவே காதைத் தீட்டிக்கொள்ளும். குதிரையும் தேரோட்டி சன்னனும் திரும்பி வரும் காட்சியில் குடையை எடுத்துவிடுங்கள். ஒலி மறுபடி பலகைக்கு வரட்டும். மனைவி யசோதரை எதுவும் கேட்க வேண்டியதில்லை.

அடுத்து, பீடத்தில் ஆள் இல்லையென்றால் பேச்சு எங்கிருந்து வரும்? மேலே தொங்கும் ஒலிபெருக்கியிலிருந்து எதிரொலி சேர்த்த கனத்த குரல் வந்தால் புராணப் படத்து அசரீரி ஆகிவிடும். இவரோ தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொள்ளாதவர். விடை பௌத்த நூல்களிலேயே இருக்கிறது. ஒவ்வொரு சுத்தமும் ‘இவ்வாறு நான் கேட்டேன்’ என்றுதான் தொடங்குகிறது. அந்த ‘நான்’ ஆனந்தர். புத்தர் மறைந்தபின் ராஜகிருகத்தில் 500 துறவிகள் கூடிய முதல் சங்கத்தில், நினைவிலிருந்து சொன்னவர் அவர். புத்தரின் வாக்கை ஆனந்தர் பீடத்தைப் பார்த்தபடி சொன்னால் போதும். அவர் உடன் இல்லாத இடங்களை ‘நான் அங்கே இல்லை, கேட்டதைச் சொல்கிறேன்’ என்றே தொடங்கலாம். பொய்யும் இல்லை, அந்த வரிக்கு ஒரு மனித வாசனையும் வந்துவிடும்.

அந்தச் சங்கமே கண்ணெதிரே கிடக்கும் ஒரு நாடகம் என்பதை ஏன் யாரும் எடுப்பதில்லை என்பது எங்களுக்குப் புரியாத விஷயம். 25 ஆண்டுகள் கூடவே இருந்து பணிவிடை செய்தவருக்கு மட்டும் இன்னும் ஞானம் வரவில்லை. சங்கத்தில் உட்காரத் தகுதி இல்லை. முந்தின இரவு முழுவதும் முயன்று, விடியும் நேரத்தில் சோர்ந்து படுக்கப் போகிறார். பாதம் தரையை விட்டு எழும்பி, தலை தலையணையைத் தொடுமுன் அந்த நொடியில் அவருக்கு விடுதலை கிடைக்கிறது. அதன்பின் சங்கத்தில் அதே ஆனந்தர்மேல் குற்றச்சாட்டுகள் வாசிக்கப்படுகின்றன. சிறு விதிகள் எவை என்று ஏன் கேட்டுவைக்கவில்லை? புத்தரின் மழையாடையைத் தைக்கும்போது ஏன் காலால் மிதித்தாய்? உடலை முதலில் பெண்களை வணங்கவிட்டு, அவர்கள் கண்ணீர் உடலை நனைக்க ஏன் விட்டாய்? இன்னும் நீண்ட காலம் வாழுங்கள் என்று ஏன் வேண்டிக்கொள்ளவில்லை? பெண்களைத் துறவறத்தில் சேர்க்க ஏன் வாதாடினாய்? ஒவ்வொன்றுக்கும் அவர் சொல்லும் பதில் ஒரே அச்சில் இருக்கிறது: நான் இதில் குற்றம் காணவில்லை, ஆனாலும் உங்கள்மீதுள்ள மதிப்பால் ஒப்புக்கொள்கிறேன். இந்த ஐந்து கேள்விகளும் ஐந்து கதைக்கு வாசல். பெண்களைப் பற்றிய கேள்வியைத் திறந்தால் புத்தரை வளர்த்த சிற்றன்னை மகாபிரஜாபதி கோதமி, வீங்கிய கால்களும் புழுதி படிந்த உடம்புமாக வைசாலியில் கதவுக்கு வெளியே நிற்பாள். உடலைப் பற்றிய கேள்வியைத் திறந்தால் புத்தர் மறைந்த குசிநாரா.

முற்பாதியைச் சொல்ல வேறொருவர் இருக்கிறார்: சன்னன். தேரோட்டியாக இருந்து பின்னாளில் துறவியான அவன், ‘அவரை வெளியே கூட்டிவந்தவனே நான்தான்’ என்ற மிதப்பில் எவருக்கும் அடங்காமல் திரிந்தான் என்கிறது மரபு. அவனோடு யாரும் பேசக் கூடாது, அறிவுரையும் சொல்லக் கூடாது என்பது புத்தர் கடைசி நாட்களில் விதித்த தண்டனை. சங்கம் முடிந்ததும் அதைக் கோசாம்பிக்குப் போய் அவனிடம் சொன்னவர் ஆனந்தர். கேட்ட சன்னன் மயங்கி விழுந்தான். தெருக்கூத்தின் கட்டியங்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் கிடைக்காது. அரண்மனைக் கதையைப் பெருமையாகவும் நக்கலாகவும் சொல்லிக்கொண்டே வருபவனிடம் கடைசியில் மேடையில் ஒருவரும் பேசமாட்டார்கள்.

நேரத்தைச் சொல்ல வேண்டும். 90 நிமிட நாடகத்தில் பலர் அரண்மனைக்கே 50 நிமிடம் கொடுத்துவிடுகிறார்கள். நடனம் அங்கேதான் வைக்க முடியும் என்பது காரணம். 20 நிமிடம் போதும். புறப்பாட்டுக்கு 10, தவத்துக்கும் அதைக் கலைக்க வரும் மாரனுக்கும் சேர்த்து 15. மீதி 45-உம் மற்றவர்களுக்கு.

மற்றவர்களில் முதலிடம், கொன்றவர்களின் விரல்களை மாலையாக அணிந்த கொள்ளையன் அங்குலிமாலனுக்கு. அவன் முழு வேகத்தில் ஓடுகிறான், புத்தர் சாதாரணமாக நடக்கிறார், பிடிக்க முடியவில்லை. “நில்!” என்கிறான். “நான் நின்றுவிட்டேன் அங்குலிமாலா, நீ நில்” என்பது பதில். இங்கே பீடம் உதவாது. மறுபடி குடையைக் கொண்டுவாருங்கள். குடை பிடிப்பவர் 30 அடி மேடையை 40 விநாடியில் ஒரே சீராகக் கடக்கட்டும். அவன் அவருக்குப் பின்னால் நின்ற இடத்திலேயே ஓட வேண்டும். 40 விநாடி முழு மூச்சில் ஓடியவனால் உடனே வசனம் பேச முடியாது, மைக்கில் இரைப்புதான் கேட்கும். கடைசி 20 விநாடி மட்டும் நடிகர் ஓடினால் போதும், முதல் 20 விநாடி அவன் நிழல் மட்டும் ஓடட்டும்: பக்கவாட்டில் தரையோடு வைத்த ஒற்றை விளக்கு, அதன் எதிரே பக்கத்திரை மறைவில் ஓடும் இன்னொருவர். மரமேடையில் காலடிச் சத்தம் வசனத்தை விழுங்கும் என்பதால், ஓடும் இடத்தில் தேங்காய் நார்ப் பாயை இரண்டாக மடித்துப் போட்டு, வண்ணத் துணியால் மூடி, ஓரங்களை ஒட்டிவிடுங்கள். விரல் மாலைக்குப் பிளாஸ்டிக் விரல் வாங்கினால் சிரிப்பு வரும். விரல் நீளத்தில் நறுக்கிய மெல்லிய மூங்கில் துண்டு முப்பது போதும். 999 என்ற எண்ணை வசனம் பார்த்துக்கொள்ளும்.

எல்லோரும் அவன் காலில் விழுவதோடு முடித்துவிடுகிறார்கள். அதற்கு அடுத்ததுதான் முக்கியமான காட்சி. துறவியான பிறகு பிச்சைக்குப் போகிறான். ஊர் கல்லெறிகிறது. தலை உடைந்து ரத்தம் வழிய, பிச்சைப் பாத்திரம் உடைந்து, ஆடை கிழிந்து பீடத்தின் முன் வந்து நிற்கிறான். பொறுத்துக்கொள் என்ற பதில் மட்டும் கிடைக்கிறது. மன்னிப்பு வேறு, கணக்குத் தீர்வது வேறு என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் காட்சி அவர் வாழ்க்கையில் இல்லை. இறந்த குழந்தையை உயிர்ப்பிக்க, சாவே நிகழாத வீட்டிலிருந்து கடுகு தேடிய கிசா கோதமியின் கதைக்கு நான்கு கதவுச் சட்டம் போதும், நான்காவது வீட்டில் அவளைக் கேட்க விடாதீர்கள். கதவைத் திறந்தவளின் முகத்தைப் பார்த்ததும் அவளே திரும்பிவிடட்டும்.

இனி ஆடை. துறவிகள் மேடை நிறைய வருவார்கள் என்பதால் இது பெரிய வேலை. பளபளக்கும் ஆரஞ்சு சாட்டின், விளக்கடியில் கோயில் திரைச்சீலை போல மின்னும், தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். துறவிகளின் ஒழுக்க விதிநூலான விநயத்தில் அவர்களுக்கு அனுமதித்தவை வேர், பட்டை, தண்டு, இலை, பூ, காய் ஆகியவற்றின் சாயங்கள்தாம். பழந்தமிழில் துவராடை என்ற பெயர் பொருத்தமாகவே இருக்கிறது. 44 அங்குலப் பன்னா காடாத்துணியில் 3 மீட்டர் துண்டு இரண்டை நீளவாக்கில் சேர்த்துத் தைத்தால் ஒரு மேலாடை. ஆளுக்கு 6 மீட்டர், எடை சுமார் 800 கிராம். முதலில் சோடா போட்டுக் கொதிக்கவைத்துக் கஞ்சியைப் போக்காவிட்டால் சாயம் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும். பிறகு துணியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கடுக்காய்த்தூள் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறப்போட்டுப் பிழிந்து, நிழலில் காயவைத்து, பத்தில் ஒரு பங்கு படிகாரக் கரைசலில் நனைக்க வேண்டும். துணியின் எடைக்குச் சரியான எடை பலாமரத்தூளை ஒருநாள் ஊறவைத்து, ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடித்தால் சாயம் தயார். பலாமரச் சாயம் வனத்துறவிகள் இன்றும் பயன்படுத்துவது; மஞ்சள் கலந்த பழுப்பு வரும். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் கறுத்துவிடும், எவர்சில்வர் அண்டாவில் காய்ச்சுங்கள். காவிக்கல் மலிவுதான், ஆனால் வியர்வையில் கரைந்து கழுத்தெல்லாம் சிவக்கும். புத்தர் மகதத்து வயல் வரப்புகளைப் பார்த்துவிட்டு ஆடையை அப்படித் தைக்கச் சொன்னார் என்பதால், மேலே ஐந்து பத்தி தெரியும்படி தையலிடுங்கள். பக்கவெளிச்சத்தில் அந்தத் தையல் கோடு அழகாக எழும்பும்.

பூசைக் கடையின் பித்தளைக் கிண்ணம் பிச்சைப் பாத்திரம் ஆகாது. அனுமதி மண்ணுக்கும் இரும்புக்கும் மட்டும். திருவோடும் கூடாது, உருத்திராட்சமும் திருநீறும் சொல்லவே வேண்டாம். மரப் பாதுகையும் தடை: சத்தம் பிறர் தியானத்தைக் கெடுக்கிறது என்று அவரே விலக்கினார். மரமேடையில் பாதுகையோடு நடக்க விட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த விதியின் நியாயம் புரியும்.

‘இல்லை, புத்தர் வேடம் வேண்டும்’ என்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். சுருட்டை முடி விக், தெர்மாகோல் உச்சிக்கொண்டை, தலைக்குப் பின்னால் சுழலும் சீரியல் விளக்கு ஆகிய மூன்றையும் விடுங்கள். நாகப்பட்டினத்துச் செப்புப் படிமங்களில் உச்சியில் எழும் தீச்சுடர் அற்புதம். அதையே தெர்மாகோலில் செய்தால் ஐஸ்கிரீம் கூம்பு. சுருள்முடி சிற்ப மரபு. பாலி நூல்களில் எதிராளிகள் அவரை ‘மொட்டைத் தலையன்’ என்று ஏசுகிறார்கள். மருத்துவன் ஜீவகனின் மாந்தோப்புக்கு இரவில் வந்த மகத மன்னன் அஜாதசத்துரு, துறவிகள் கூட்டத்தில் எவர் புத்தர் என்று தெரியாமல் ஜீவகனிடம் கேட்கிறான். குயவன் கொட்டகையில் அவரோடு ஒரே இரவைக் கழித்த புக்குசாதி, பேச்சு முடியும்வரை இவர் யாரென்று அறியவில்லை. ஆகவே மற்றத் துறவிகளுக்கு என்ன ஆடையோ அதே ஆடைதான் அவருக்கும். நீண்ட காதுமடல்கூட, அரண்மனையில் அணிந்த கனத்த குண்டலத்தின் மிச்சம். முதல் காட்சிகளில் பெரிய குண்டலம் மாட்டி, புறப்படும்போது சன்னன் கையில் கழற்றிக் கொடுக்க வையுங்கள். ஒப்பனை செய்ய முடியாததை அந்தச் செயல் செய்துவிடும்.

மரத்தடிக் காட்சியில் மரமே தப்பாக வரும். சுஜாதை பாயசம் கொடுத்தது ஆலமரத்தடியில், மாலையில் அவர் போய் அமர்ந்தது அரசமரத்தடியில். விழுது தொங்கும் மரத்தைத் திரையில் எழுதிவிட்டு ‘போதி’ என்றால் பார்க்கும் கிழவிகூடத் திருத்துவாள். அரசிலை நிழல் மேடையில் விழ வேண்டுமென்றால், தகரத்தில் வெட்டிய இலை வடிவத்தைக் குவியம் செய்யக்கூடிய ஸ்பாட்டில்தான் வைக்க முடியும். பல சில்லுகள் உள்ள எல்இடி பார் விளக்கின் முன் வைத்தால் நிழல் கலங்கிப் பத்தாகத் தெரியும். ஸ்பாட் இல்லையா, ஒற்றைச் சில்லு எல்இடி விளக்கின் முன் 3 அடி தள்ளி ஒரு நிஜக் கிளையைக் கட்டுங்கள். அன்று மாலை வெட்டியதாக இருக்கட்டும், அரசிலை சீக்கிரம் சுருளும்.

தவத்தில் மெலிந்த உடம்புக்கு விலா எலும்புகளைப் பழுப்பு நிறத்தில் தீட்டுவார்கள். முன்வெளிச்சத்தில் அது வரிக்குதிரைதான். தீட்டியபின் முன்விளக்கை அணைத்துப் பக்கத்திலிருந்து மட்டும் ஒளி கொடுத்தால் எலும்பு எழும்.

மாரனைத் தெருக்கூத்தின் கட்டை வேஷமாக, கிரீடமும் புஜக்கட்டையுமாக, திரை பிடித்து அழைத்துவரலாம், மிகப் பொருந்தும். ஆனால் அவன் வாயைத் திறந்ததும் கத்தக் கூடாது. பழைய சுத்தமொன்றில் அவன் இரக்கமாகத்தான் பேசுகிறான்: மெலிந்துவிட்டாய், நிறம் கெட்டுவிட்டது, சாவு அருகில் நிற்கிறது, வாழ்ந்தால்தானே புண்ணியம் செய்யலாம்? ஒரு தாய் சொல்லக்கூடியதை மாரன் சொல்கிறான், அதுதான் பயம். இருபது பிள்ளைகளை முகமூடி மாட்டிப் படையாக ஓடவிடுவதைவிட இது செலவும் குறைவு. பிறகு மரபுக் கதையின் கேள்வி: ‘இந்த இடம் உனக்குரியது என்பதற்குச் சாட்சி யார்?’ வலக்கை நிலத்தைத் தொடுகிறது. வலக்கை. படத்தைப் பார்த்துக் கண்ணாடிபோலப் பழகுபவர்கள் இடக்கையைத்தான் வைக்கிறார்கள்.

இந்தக் காட்சியில் உலர்பனிப் புகை வேண்டவே வேண்டாம். கரியமில வாயு கனமானது, தரையோடு தேங்கும். நின்று ஆடுபவர்களுக்கு ஒன்றும் ஆகாது, தரையில் அமர்ந்திருப்பவரின் மூக்கு இரண்டரை அடி உயரத்தில் அதற்குள்ளேயே இருக்கிறது. பத்மாசனத்தில் பத்து நிமிடம் தாண்டினால் கால் மரத்துவிடும், அடுத்த காட்சிக்கு எழ முடியாது. இடுப்புக்கு அடியில் 4 அங்குல மெத்தை வைத்து, அர்த்த பத்மாசனம் போட்டால் தாங்கும். அவர் அமரும் புல்லுக்கு உலர்ந்த தர்ப்பை என்றால் மேடையில் எரியும் அகல் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

ஞானம் வந்த நொடி: விளக்கைக் கூட்டாதீர்கள். 15 விநாடியில் முழுதாக அணையட்டும். மறுபடி வெளிச்சம் வரும்போது புல்லும் பீடமும் இருக்கும்; சித்தார்த்தனாக நடித்தவர் அதற்குள் பக்கத்திரைக்குப் போயிருக்க வேண்டும். பீடம் 4 அடி நீளம், 3 அடி அகலம், 1 அடி உயரம். கனமில்லாத ஒட்டுப்பலகையில் செய்து, வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் நேர்மேலிருந்து ஒரே விளக்கு. பேசுபவர்கள் அனைவரும் பீடத்துக்கு மேல் இரண்டரை அடியில், அமர்ந்திருப்பவரின் கண் இருக்கும் அதே உயரத்தைப் பார்த்துப் பேசப் பழக வேண்டும். ஒருவர் பலகையையும் இன்னொருவர் கூரையையும் பார்த்தால் எல்லாம் பொய்யாகிவிடும். ஒத்திகையில் ஒரு குச்சியில் சிவப்பு ரிப்பன் கட்டி அந்த உயரத்தில் நிறுத்திவையுங்கள், கடைசி இரண்டு ஒத்திகையில் எடுத்துவிடலாம்.

குசிநாராவில் இரண்டு சால மரங்களுக்கு நடுவே ஒரு கட்டில், அதன்மேல் மடித்த துவராடை. நடிகரைப் படுக்கவைப்பவர்கள் தலையைப் பார்வையாளரின் இடப்பக்கம் வைக்க வேண்டும். அப்போதுதான் வலப்புறம் ஒருக்களித்து, முகம் நம்மைப் பார்க்கும். மாற்றி வைத்தால் இடப்புறமாகப் படுக்க நேரும். இடப்புறம் ஒருக்களிப்பது இன்பம் துய்ப்போரின் படுக்கை என்று அவரே வகைப்படுத்தியிருக்கிறார். ஆனந்தர் அப்போது அருகில் இல்லை, கதவு நிலையில் சாய்ந்து அழுதுகொண்டிருக்கிறார். அவரை உள்ளே கூப்பிடுவதுதான் காட்சி. கூப்பிடும் குரலைக்கூட இன்னொரு துறவி கொண்டுவரட்டும். சேர்ந்து உருவானவை எல்லாம் அழியும் இயல்புள்ளவை, விழிப்போடு முயன்று முடியுங்கள் என்ற கடைசி வாக்குக்குப் பின் 8 விநாடி எந்த இசையும் இல்லாமல் கட்டில்மேல் வெளிச்சம் நிற்கட்டும்.

கடைசியாக ஒன்று. நாடகம் முடிந்ததும் சிறப்பு விருந்தினர் மேடையேறுவார், பொன்னாடை போர்த்துவார்கள், நாற்காலி வந்து சேராது. அவசரத்தில் யாராவது அவரை அந்தப் பீடத்தில் உட்காரவைப்பார்கள். திரை இறங்கிய நொடியே பீடத்தைத் தூக்கிக்கொண்டு போக இரண்டு பேரைப் பெயர் சொல்லி நியமித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மேடை ஒளி, ஒப்பனை, ஆடை வேலை பார்ப்பவர்கள் சிலர்,
தஞ்சாவூர்.